மாமியின் குடையும் மலைக்காற்றும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். தங்கை இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பகுதியில் தன் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். கிழமைக்கு ஒரு தரமாவது தொலைபேசியில் என்னோடு சண்டை பிடிக்கிறாள். அந்த ஓகஸ்ட் நாளை நினைத்து நான் இப்படிக் காலை நீட்டிக்கொண்டு சிரிப்பது அதனால்தான். கொஞ்சம் பிசகியிருந்தால் எங்கள் வீட்டில் கடல் என்ற சொல்லையே ஒருவரும் எடுத்திருக்க மாட்டோம்.

எங்கள் ஊரில் மலை கிடையாது. யாழ்ப்பாணம் முழுவதும் மேசை மாதிரித் தட்டை. அங்கே காற்றென்றால் பக்கவாட்டில்தான் வரும். வாடை ஒரு பக்கத்தால் வரும், சோளகம் இன்னொரு பக்கத்தால் வரும், கச்சான் வீசினால் எந்தக் கதவைப் பூட்டவேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காற்று மேலே இருந்து தலையில் விழும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பலெர்மோவுக்கு வந்து இத்தனை வருசமாகியும் நான் அதை அறியவில்லை. இந்த நகரத்துக்குப் பின்னால் மலைகள் வளைத்துக் கட்டிய மதில் போல நிற்கின்றன, முன்னால் கடல். கோடையில் தெற்கே இருந்து வரும் சூடான காற்று அந்த மலைகளில் ஏறி, இந்தப் பக்கம் கடலை நோக்கி இறங்கும். சிரோக்கோ என்று பெயர். பெயர் எனக்குத் தெரியும், ஆனால் வேறு வழியால். நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, இங்கத்தைப் பேச்சில் சிஞ்ஞோரா, அந்தக் காற்று வந்தால் எல்லா யன்னலையும் அடைத்துவிட்டுத் தலையிடி என்று படுத்துவிடுவார். அடுத்த நாள் பல்கனியெல்லாம் சிவப்புத் தூசி. அதைக் கழுவுவது நான். ஆகவே சிரோக்கோ என்றால் எனக்குக் கூடுதலாக ஒரு வாளி தண்ணீர், அவ்வளவுதான்.

அந்த வருசம் தங்கை கலியாணத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தாள். விசாவுக்கு அலைந்த அலைச்சலைச் சொன்னால் அது தனிக்கதை. மாப்பிள்ளை இங்கேயே வளர்ந்த பிள்ளை, கடற்கரையோரம் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. நல்ல பிள்ளை, வாய் திறந்தால் தமிழும் சிசிலித் தீவுப் பேச்சும் கலந்து கொட்டும். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அவருடைய தாயார் மேல்தான்.

தங்கைக்கு மாமியாராக வரப்போகிறவர் என்பதால் நானும் அவரை மாமி என்றே கூப்பிட்டேன். மாமி எந்தக் காலத்திலும் சேலைதான் உடுப்பார், கபோ சந்தைக்கு மீன் வாங்கப் போனாலும் சேலை. கையில் எப்போதும் ஒரு குடை. மரக் கைபிடி வைத்த பெரிய கறுப்புக் குடை, அவருடைய கணவர் உயிரோடு இருந்த காலத்தில் வாங்கிக் கொடுத்தது. மழைக்கு மட்டுமில்லை, வெய்யிலுக்கும் அதுதான். மீன்காரர்கள் கூட்டத்துக்கு மேலால் குடையைக் கண்டதுமே அவருக்குப் பிடித்த மீனை எடுத்து வைத்துவிடுவார்களாம். குரலோ மிக மெல்லிய குரல். மாமி கதைத்தால் பக்கத்தில் இருப்பவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுக்கவேண்டும். அந்த மெல்லிய குரலால்தான் அவர் குத்துவார்.

விமான நிலையத்தில் தங்கையை முதன்முதலாகக் கண்டபோது கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். பிறகு என்னிடம் திரும்பி, "போட்டோவிலை பிள்ளை கொஞ்சம் வெள்ளையாத் தெரிஞ்சவ, என்ன?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் தங்கையை விடக் கறுப்பு. இந்த ஊரில் ஆட்கள் கறுப்பதற்காகவே எண்ணெய் பூசிக்கொண்டு நாள் முழுக்க வெய்யிலில் கிடக்கிறார்கள். என் சிஞ்ஞோரா ஜூன் பிறந்தால் பல்கனியில் படுத்துவிட்டு, தன் கையை என் கையோடு வைத்துப் பார்த்து, இன்னும் வரவில்லையே என்று கவலைப்படுவார். அதை நான் மாமிக்குச் சொன்னேன். மாமி யோசித்துவிட்டு, "அவைக்கென்ன பிள்ளை, அவை வெள்ளையாப் பிறந்தவை," என்றார்.

ஆனால் தங்கை ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. மாமி கஸ்தூரி மஞ்சளும் தயிரும் குழைத்துக் கொடுத்தனுப்பினால் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமி சொன்னார் என்று பத்து மணிக்குப் பிறகு பல்கனிக்கே போகாமல் இருந்தாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. "உனக்கு ரோசம் எண்டது இல்லையோடி?" என்று கேட்டேன். "நான் அந்த வீட்டிலை வாழப்போறனக்கா, நீ இல்லையே," என்றாள். அதுவும் சரிதான். அவள் மாமியைத் தன் பக்கம் எடுத்துவிடுவதென்ற முடிவோடு வந்திருந்தாள்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் வரும் பெருநாளுக்கு இந்த நகரம் கதவைச் சாத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடும். எங்கள் ஆட்களுக்கும் எல்லா வேலைவீடுகளும் ஒன்றாக லீவு தரும் நாள் அதுதான். மாப்பிள்ளைக்கு மட்டும் ஹோட்டலில் தலைக்கு மேல் வேலை. மூன்றாம் நாள் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் பிறகு பொம்பிளை வீட்டுப்படி தாண்டக்கூடாது. ஆகவே தங்கையைக் கடலுக்குக் கூட்டிப்போக அந்த ஒரு நாள்தான் மிச்சம். மாமியும் வருவதாகச் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை: பிள்ளைக்கு வெய்யில் படக்கூடாது.

விடியப்புறமே எழும்பி நான் கூழ் காய்ச்சினேன். நண்டு, இறால், மீன்தலை, பயத்தங்காய், ஊரிலிருந்து தங்கை கொண்டுவந்த பனங்கிழங்கு ஒடியல்மா. பெரிய பானை நிறையக் காய்ச்சி, சூடு போகாமல் கட்டில் விரிப்பால் சுற்றிக் கட்டி, காரின் பின்பக்கத்தில் ஏற்றினோம். கடற்கரைக்கு இரண்டு துண்டு பாணும் தக்காளியும் கொண்டுபோகிற பழக்கம் எங்களுக்கு எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. தறப்பாள், பாய், கோப்பைகள், ஊறுகாய் என்று அரைவாசி வீடே எங்களோடு வந்தது.

நாங்கள் போனது ஸ்பெர்ராகவாலோ. பலெர்மோவின் ஓரத்தில் இருக்கும் சின்ன மீன்பிடி ஊர். கல்லும் கூழாங்கல்லுமான கரை. கரைக்கு நேர் பின்னால் மொட்டையான ஒரு மலை செங்குத்தாக நிற்கும். என் கணவர் அந்த மலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் தீவுப்பகுதி ஆள், தகப்பனோடு கடலுக்குப் போய் வளர்ந்தவர். இங்கே அடுக்குமாடிகளின் படிகளைக் கழுவுகிறார், ஆனால் கடற்கரைக்கு வந்துவிட்டால் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றுவிடும். இடுப்பில் கை வைத்துக் கடலை ஒரு பார்வை பார்த்தார்.

"கடல் நித்திரை கொள்ளுது. ஒண்டுக்கும் யோசியாதையும்," என்றார் எனக்கு.

பொய்யில்லை. கரையில் ஒரு அலை இல்லை. வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அவருடைய தீவில் கரை தூங்கினால் கடல் முழுவதும் தூங்குகிறது என்று அர்த்தமாம். காற்று கடலிலிருந்து வருகிற இடத்தில் அது சரியாக இருக்கும்.

தங்கைக்காக அவர் ஒரு மஞ்சள் ரப்பர் வள்ளம் வாங்கியிருந்தார், ஸ்டேசனுக்குப் பக்கத்துச் சீனக்கடையில். நாங்கள் செம்மண் பக்கத்து ஆட்கள். வெங்காயத்துக்கு இறைத்த தண்ணீரைத் தவிர வேறு பெரிய தண்ணீரில் நாங்கள் கால் வைத்ததில்லை. தங்கைக்கு நீந்தத் தெரியாது, எனக்கும் தெரியாது. வள்ளத்தைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்கவேண்டும். கேட்காமலே சுடிதாரின் காலை மடித்து விட்டாள். பிறகு மாமியின் ஞாபகம் வந்து, மடித்ததை மெல்லக் கீழே இழுத்தாள்.

மாமி அதைக் கண்டார். தறப்பாளுக்குக் கீழே இருந்தபடியே முன்னால் நகர்ந்தார். பிறகு தன் குடையை எடுத்து நீட்டினார்.

"போ பிள்ளை, ஆசைக்கு இருந்திட்டு வா. இதைப் பிடிச்சுக்கொண்டு இரு, வெய்யில் சுட்டுப்போடும். கவனம், துலைச்சுப் போடாதை. இது அவர் எனக்கு வாங்கித் தந்தது."

நியாயமாகச் சொன்னால் அது பெரிய மனசு. அந்தக் குடையை மாமி வேறு எவர் கையிலும் கொடுத்து நான் கண்டதில்லை. எனக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை. மஞ்சள் வள்ளத்தின் நடுவில், கறுப்புக் குடையைப் பிடித்தபடி, தங்கை அரசி மாதிரிச் சம்மணம் போட்டு இருந்தாள். கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்து அங்கும் இங்கும் இழுத்தார். சுற்றி வெய்யிலில் படுத்துக் கிடந்த ஆட்கள் தலை நிமிர்த்திப் பார்த்தார்கள். ஒருத்தி போட்டோகூட எடுத்தாள்.

பிறகு நான் கூழுக்குக் கூப்பிட்டேன். தங்கை இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று கெஞ்சினாள். கணவர் கயிற்றின் நுனியைக் கரையிலிருந்த ஒரு பெரிய கல்லைச் சுற்றிக் கட்டினார். தோணி கட்டுகிற முடிச்சு, எந்தப் புயலுக்கும் அவிழாது என்று சொல்லிக்கொண்டே கட்டினார். அது அவிழவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் இன்றைக்கும் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

நான் குனிந்து கூழை அள்ளிக்கொண்டிருந்தபோது முதுகில் திடீரென்று சூடு பட்டது. யாரோ பின்னால் நின்று பாண் சுடும் போறணைக் கதவைத் திறந்தது போல. திரும்பிப் பார்த்தேன், மலைதான் நின்றது. அடுத்த கணம் கையிலிருந்த கோப்பை இல்லை. தறப்பாள் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு படபடவென்று அடித்தது. யாருடையதோ கடற்கரைக் குடை எங்கள் பாய்மேல் உருண்டு ஓடியது. துவாய், செருப்பு, தொப்பி, பத்திரிகை எல்லாம் ஒரே திசையில், கடலைப் பார்த்துப் பறந்தன. ஆட்கள் சிரித்துக் கூச்சலிட்டுக்கொண்டு தங்கள் சாமான்களைத் துரத்தினார்கள். நான் செய்தது என்னவென்றால், கூழ்ப்பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். காற்று வந்தால் முதலில் சாப்பாட்டைக் காப்பாற்றவேண்டும் என்று எனக்கு எங்கிருந்து தோன்றியதோ.

மாமிதான் முதலில் கண்டார். அவர் என் தோளைத் தொட்டு, வாயைத் திறந்து, சத்தம் வராமல் கையை நீட்டினார்.

கயிறு கல்லில் இருந்தது. முடிச்சும் இருந்தது. கயிற்றின் மற்ற முனையில் சீனக்கடை வள்ளத்தின் பிளாஸ்டிக் வளையம் மட்டும் பிய்ந்து கிடந்தது. வள்ளம் கூப்பிடு தூரத்துக்கு அங்கால் போய்விட்டிருந்தது. அதற்கு மேலே குடை விரிந்து நின்றது.

அந்தக் கடலை எப்படிச் சொல்வது? கரையோரம் அப்போதும் அலை இல்லை. இறங்கி நடந்து போய் அவளைத் தூக்கி வந்துவிடலாம் போல அமைதியாகக் கிடந்தது. ஆனால் காற்று மலையிலிருந்து தொப்பென்று விழுந்து, தண்ணீரைக் கறுப்பாக்கிக்கொண்டு வெளியே ஓடியது. தூரத்தில், அவள் போய்க்கொண்டிருந்த பக்கத்தில், கடல் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பியிருந்தது. ஒவ்வொரு முறை காற்று விழும்போதும் குடை விம்மும், வள்ளம் ஒரு எட்டு எடுத்து வைக்கும்.

கணவர் பாய்ந்து நீந்தினார். நல்ல நீச்சல்காரர். கொஞ்சத் தூரம் போனதும் நின்று, திரும்பி, கஷ்டப்பட்டு வந்து சேர்ந்தார். கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஏலாது. வள்ளம் என்னை விட ஓடுது," என்றார்.

கடலைப் பற்றி அவர் ஏலாது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் கூழ்ப்பானையை விட்டு எழும்பினேன்.

பக்கத்துக் கடைவாசலிலிருந்து ஒரு மனிதர் ஓடி வந்தார். உல்லாசப் பயணிகளை மோட்டார் படகில் சுற்றிக் காட்டுகிறவர். படகு அந்தப் பக்கத்துத் துறைமுகத்தில் கட்டியிருக்கிறது, எடுத்து வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றார். அதற்குள் அவள் வெளிக்கடலுக்குப் போய்விடக்கூடாது. "அந்தக் குடை பாய் மாதிரி வேலை செய்கிறது, அதை விடச் சொல், விட்டுவிட்டு வள்ளத்துக்குள் படுக்கச் சொல்," என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். சொல்லிவிட்டு என் கணவரையும் இழுத்துக்கொண்டு துறைமுகத்தை நோக்கி ஓடினார்.

நான் கத்தினேன். "குடையை விடடி! விடு! கீழை படு!" காற்று எங்கள் பக்கமிருந்து அவளிடம் போனதால் நான் சொன்னது அவளுக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் அசைந்தது, அது எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். ஆட்டிவிட்டுக் குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

எனக்கு விசர் பிடித்துவிட்டது. எனக்குத் தெரிந்த பேச்சையெல்லாம் பேசினேன். மூதேவி, விசரி, செவிடி என்று கத்தினேன். அவள் பிடித்த பிடியை விடவில்லை. அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். அந்த நேரத்தில் நான் மாமியின் பக்கம் திரும்பினேன்.

"உங்கடை குடையாலை வந்தது! கறுத்துப் போவாள், கறுத்துப் போவாள் எண்டு... இப்ப பாருங்கோ! இப்ப சந்தோசமோ?"

மாமி என்னைப் பார்க்கவுமில்லை. செருப்போடு தண்ணீரில் இறங்கினார். சேலை நனைந்து காலைச் சுற்றிப் பிடித்தது, கூழாங்கல் வழுக்கியது, இரண்டு தரம் தடுமாறினார். இடுப்பளவு தண்ணீரில் போய் நின்று, இரண்டு கையையும் வாயோடு சேர்த்துப் பிடித்தார்.

"பிள்ளை!"

அது மாமியின் குரல் என்று நம்ப எனக்கு ஒரு கணம் பிடித்தது. துவாய்களைத் துரத்திக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"பிள்ளை! குடையை எறி! நான் சொல்லுறன், எறி!"

தங்கை திரும்பினாள்.

"நீ கறுத்தா எனக்கென்ன, வெளுத்தா எனக்கென்ன! குடை போகட்டும்! நீ உயிரோடை வா பிள்ளை!"

குடை அவள் கையை விட்டு எழும்பியது. பனை உயரத்துக்குப் போய், கவிழ்ந்து, தண்ணீரில் விழுந்து, வண்டிச் சில்லு மாதிரி உருண்டுகொண்டே போனது. அவளையும் காணவில்லை. மஞ்சள் கோடு ஒன்று மட்டும் தெரிந்தது. ஐயோ என்று கத்தினேன். மாமி திரும்பாமலே, "படுத்திட்டா. படுக்கத்தானே சொன்னனீர்," என்றார். குரல் அதற்குள் கட்டிப்போயிருந்தது.

பிறகு காத்திருந்தோம். நானும் தண்ணீரில் இறங்கி மாமிக்குப் பக்கத்தில் நின்றேன். எப்போது அவருடைய கையைப் பிடித்தேன் என்று தெரியாது, ஆனால் அவருடைய வளையல் என் விரலில் பதிந்த அடையாளம் இரவு வரைக்கும் இருந்தது. மாமி முருகனைக் கூப்பிட்டார். முருகனுக்குப் பிறகு, ஊரே நடந்து போய்க் கும்பிடுகிற மலைக் குகையிலிருக்கும் புனிதையையும் கூப்பிட்டார். இந்த ஊர்க் காற்றை இந்த ஊர் ஆளிடமும் சொல்லிவைப்பது நல்லது என்று நினைத்தாரோ என்னவோ. மஞ்சள் கோடு தெரிந்தது, மறைந்தது, பிறகும் தெரிந்தது. ஆனால் முன்னைப் போல அது ஓடவில்லை. ஒரு இடத்தில் கிடந்து ஆடியது.

வலப்பக்கத்தால் வெள்ளைப் படகு ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அது போய்ச் சேர்ந்ததையும் நின்றதையும் பார்த்தோம். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. பிறகு அது திரும்பியது. காற்றுக்கு முகம் கொடுத்து, முன்னால் தண்ணீர் வாரி அடிக்க, ஊர்ந்து ஊர்ந்து வந்தது. நான் தலைகளை எண்ணினேன். படகுக்காரர். என் கணவர். மூன்றாவதாக, குனிந்தபடி, நனைந்த கறுப்புத் தலை ஒன்று.

அப்படியே தண்ணீருக்குள் இருந்துவிட்டேன். மார்பளவு தண்ணீரில் இருந்துகொண்டு சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று சொல்லத் தெரியாது. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை, என் சொந்தக் கலியாணம் உட்பட. மாமி என் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

துறைமுகத்துக்கு ஓடினோம். தங்கை படகிலிருந்து இறங்கினாள். உப்பும் வெய்யிலும் சேர்ந்து முகம் கன்றி, மூக்கு நுனி வெந்து, உதடு வெடித்து. அவளை முதலில் கட்டிப்பிடித்தேன், பிறகு முதுகில் ஒன்று போட்டேன்.

"ஏனடி குடையை விடேல்லை? தொண்டை கிழியக் கத்தினனே, கேக்கேல்லையோ?"

"கேட்டது," என்றாள். பல் கிடுகிடுத்தது. "மாமின்ரை குடையக்கா. மாமா வாங்கிக் குடுத்தது. கலியாணத்துக்கு முதலே அதைத் துலைச்சுப்போட்டு நான் என்ன முகத்தோடை அந்த வீட்டுக்குப் போறது?"

மாமி என் பின்னால்தான் நின்றார். அவர் கேட்டார் என்று எனக்குத் தெரியும். திரும்பி எங்கள் பாய் கிடந்த பக்கம் நடந்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன். போனவர் கூழ்ப்பானையைச் சுற்றியிருந்த கட்டில் விரிப்பை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நண்டும் ஒடியலும் மணக்கிற அந்தச் சூடான விரிப்பைத் தங்கையின் தலையோடு சேர்த்துப் போர்த்தி, ஒரு குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றினார். சுற்றிவிட்டு அப்படியே அணைத்துக்கொண்டு நின்றார். தங்கை விம்மி விம்மி அழுதாள். கடலில் அவள் அழவில்லையாம்.

கூழ் தப்பியிருந்தது. பானையை நான் கட்டிப்பிடித்தது வீண்போகவில்லை. காற்றுக்கு மறைவாகத் துறைமுகச் சுவரோரம் எல்லோரும் குந்தியிருந்து குடித்தோம். படகுக்காரருக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். முதல் வாயிலேயே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கோப்பையும் கேட்டார். குடித்து முடித்துவிட்டு, இங்கே கடலில் இறங்குகிறவர்கள் கடலைப் பார்ப்பதில்லை, முதலில் மலையைத்தான் பார்ப்பார்கள் என்று என் கணவரிடம் சொன்னார். என் கணவர் தலையாட்டினார். பிறகு பிய்ந்த வளையத்தோடு கயிற்றைத் தூக்கிக் காட்டி, முடிச்சு அவிழவில்லை என்று தன் இத்தாலியனில் விளங்கப்படுத்தத் தொடங்கினார். அவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு நிம்மதி.

மாமியிடம் நான் தனியாகப் போய், "நான் கதைச்சதை மனசிலை வையாதையுங்கோ," என்றேன். "நீர் கதைச்சபடியால்தான் எனக்குக் கால் அசைஞ்சது," என்றார்.

பொன்னுருக்கு நடந்தது, கலியாணமும் நடந்தது. தங்கை கோப்பித்தூள் நிறத்தில் மணவறையில் இருந்தாள். மூக்கில் தோல் உரிந்து கொண்டிருந்தது. காலையில் பொம்பிளையை அலங்கரித்து வெளிக்கிடுத்த, நகரத்தின் பிரான்காச்சோப் பக்கத்திலிருந்து வந்த பெண், அவளுடைய முகத்தைக் கண்டதும் தலையில் கைவைத்தாள். பிறகு தைரியம் வந்து, பெட்டியிலிருந்த டப்பாக்களில் ஆக வெள்ளையானதைத் திறந்தாள். கதவோரம் நின்ற மாமி, "அதை மூடுங்கோ. பிள்ளையின்ரை நிறத்திலை ஏதும் இருந்தா எடுங்கோ," என்றார். அந்த நிறத்தில் அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில் என் கைப்பையிலிருந்த என்னுடைய பவுடரைத்தான் எடுத்துப் பூசினார்கள்.

மாமி அடியோடு மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். சீனக்கடையில் புதுக்குடை வாங்கிவிட்டார். வேறு வீட்டுக் கலியாண அல்பங்களைப் பார்க்கும்போது அந்த மெல்லிய குரலில் நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்லத்தான் செய்கிறார். எனக்கும் இன்னும் சுருக்கென்கிறது. ஆனால் முன்னைப் போலக் கோபம் நிற்பதில்லை. சிரோக்கோ வருகிற நாட்களில் சிஞ்ஞோராவின் யன்னல்களை அடைத்துவிட்டு நான் முதலில் மாமிக்குத்தான் போன் எடுக்கிறேன். "எல்லாரும் வீட்டிலைதான் பிள்ளை," என்பார். அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் நான் வாளியைத் தூக்குவேன்.

சீசாவில் மாமியின் வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அந்தக் கலியாணப் படம் தெரியும், பெரிய சட்டம் போட்டு. போன மாதம் நான் போயிருந்தபோது ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருவர் படத்துக்கு முன்னால் நின்று உற்றுப் பார்த்தார்.

"பொம்பிளை நல்ல வடிவு. போட்டோவிலை கொஞ்சம் கறுத்துப்போய்த் தெரியிறா, என்ன?"

நான் வாயைத் திறக்க முன், தேத்தண்ணித் தட்டோடு வந்த மாமி அதை மேசையில் வைத்தார். அவருடைய குரலை ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவேண்டியிருக்கவில்லை. குசினியில் நின்ற தங்கைக்கே கேட்டது.

"ஓம்," என்றார் மாமி. "அது கடலாலை திரும்பி வந்த பிள்ளை."